பழைய எக்செலில் சார்ட் நிறங்களை மாற்றுவது எப்படி, புதியதுக்கு எப்போது மாறுவது?

போன மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குச் சில நாள் முன்பு, மண்டபம் பக்கம் ஒரு மீனவ கிராமத்தில் சங்கக் கூட்டம். வருடம் முழுக்க எந்த மீன் எவ்வளவு வந்தது என்று மாதவாரியாகச் சார்ட் போட்டு, ஒரு தாளில் அச்செடுத்து, அதை நாற்பது ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். கருவாட்டு வியாபாரம் செய்கிற அக்கா ஒருவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல நெத்திலிய எங்க காணோம்?” என்று கேட்டார். நெத்திலி இருந்தது. திரையில் மஞ்சள் கோடாகப் பளிச்சென்று இருந்தது. ஜெராக்ஸில் அந்த மஞ்சள் காகிதத்தோடு காகிதமாகப் போய்விட்டது. அவருக்கு அந்தத் தாளில் வேண்டியிருந்ததே நெத்திலிக் கணக்கு ஒன்றுதான்.

அன்றிலிருந்து, ஒரு சார்ட்டுக்கு நிறம் கொடுக்கும்போதெல்லாம் அந்தத் தாளைக் கையில் வாங்கப்போகிறவரை மனதில் வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் எழுதியது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையோரத்துச் சங்கங்களிலும், பாசி எடுக்கும் பெண்களின் குழுக்களிலும், சின்ன ஐஸ் கம்பெனிகளிலும் புதிதாகக் கணக்குப் பார்க்க உட்காருகிறவர்களுக்கானது. நான் போய்வருகிற சில இடங்களில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பியும் எக்செல் 2003ம்தான் ஓடுகின்றன. முதலில் அதிலேயே எப்படிச் சரியாகச் செய்வது என்று பார்ப்போம். அப்புறம், அதை விட்டு எப்போது, எதற்கு மாறுவது என்று பார்ப்போம்.

மஞ்சள் ஏன் வந்தது?

எக்செல் 2003இல் ஒவ்வொரு ஃபைலுக்கும் 56 நிறங்கள் கொண்ட ஒரு நிறப் பெட்டி உண்டு. அதற்கு மேல் ஒரு நிறம்கூட அந்த ஃபைலுக்குள் வராது. இந்த 56இல் 40 சாதாரண நிறங்கள். 8 நிறங்கள் சார்ட்டின் பட்டைகளுக்கு, மீதி 8 நிறங்கள் சார்ட்டின் கோடுகளுக்கு. நீங்கள் சார்ட் போட்டதும் எக்செல் இந்த வரிசையிலிருந்து ஒன்றொன்றாக எடுத்துக் கொடுக்கும். கோடு என்றால் முதலாவது கருநீலம், இரண்டாவது அடர்ந்த ரோஸ், மூன்றாவது மஞ்சள், நான்காவது வெளிர் பச்சைநீலம். ஆக, உங்கள் அட்டவணையில் மூன்றாவது பத்தியில் எந்த மீன் இருந்தாலும் அது மஞ்சளாகத்தான் வரும். எங்கள் அட்டவணையில் மூன்றாவது பத்தி நெத்திலி.

பட்டைச் சார்ட்டிலும் இதே கதை. மூன்றாவது நிறம் தந்தம் போன்ற வெளிர் மஞ்சள், நான்காவது மிக வெளிறிய நீலம். சார்ட்டின் பின்னால் எக்செல் தானாகவே ஒரு சாம்பல் பரப்பைப் போடுவதால் திரையில் இவை எடுப்பாகத் தெரியும். அச்செடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் சாம்பலும் வெளிறி, இந்த நிறங்களும் வெளிறி, எது எதுவென்று தெரியாது.

கை வைப்பதற்கு முன்

ஃபைலை ஒரு பிரதி எடுத்து வேறு பெயரில் வையுங்கள். பென் டிரைவில் ஒன்று, அந்தக் கணினிக்கு வெளியே வேறு எங்காவது இன்னொன்று. எல்லா ஊருக்கும் சொல்கிற அறிவுரைதான், ஆனால் நம் கரையில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருக்கிற ஒரு அறையில் ஜன்னல் திறந்தே கிடந்த கணினி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். மதர்போர்டின் செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, பென் டிரைவ் செருகும் இடம் துருவேறி இருந்தது. உப்புக்காற்று மென்பொருளுக்கு முன்னால் இயந்திரத்தைத் தின்றுவிடும். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் இது இன்னும் வேகம். பிரதி இல்லாமல் பழைய கணினியில் எந்த வேலையும் தொடங்க வேண்டாம்.

நிறப் பெட்டியை மாற்றுவது

1. ஃபைலைத் திறந்து, மேலே டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் என்பதைச் சொடுக்குங்கள். ஃபைல் எதுவும் திறக்காமல் இருந்தால் இந்த வரி மங்கலாகவே இருக்கும்.

2. வருகிற பெட்டியில் கலர் என்ற தாவலுக்குப் போங்கள். மேலே 40 கட்டங்கள், அதன் கீழே சார்ட் ஃபில்ஸ் என்று ஒரு வரிசை, சார்ட் லைன்ஸ் என்று ஒரு வரிசை, ஒவ்வொன்றிலும் எட்டுக் கட்டங்கள் தெரியும்.

3. சார்ட் லைன்ஸ் வரிசையில் மூன்றாவது கட்டத்தை, அதாவது அந்த மஞ்சளைச் சொடுக்கி, வலப்பக்கம் இருக்கும் மாடிஃபை பொத்தானை அழுத்துங்கள்.

4. இப்போது வருகிற பெட்டியில் கஸ்டம் தாவலுக்குப் போனால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை எண் கொடுக்கலாம். வேண்டிய எண்களைப் போட்டு ஓகே கொடுங்கள்.

5. மற்றக் கட்டங்களையும் இப்படியே மாற்றிவிட்டு, கடைசியில் ஆப்ஷன்ஸ் பெட்டிக்கும் ஓகே கொடுங்கள். ஃபைலில் ஏற்கெனவே இருக்கிற சார்ட்டுகளும் அந்த நொடியே புது நிறத்துக்கு மாறிவிடும்.

தப்பாகப் போய்விட்டால் அதே கலர் தாவலில் ரீசெட் பொத்தான் இருக்கிறது. பழைய 56 நிறங்களும் திரும்பி வந்துவிடும்.

பின்னால் இருக்கும் சாம்பலையும் எடுத்துவிடுங்கள். சார்ட்டுக்குள் காலியாக இருக்கும் சாம்பல் இடத்தில் இரண்டு முறை சொடுக்கினால் ஒரு பெட்டி வரும். அதில் ஏரியா என்ற பகுதியில் நன் (None) என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இது ஒன்றைச் செய்தாலே பாதிச் சார்ட்டுகள் படிக்கிற மாதிரி ஆகிவிடும்.

எந்த எண்களைப் போடுவது?

சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அதிலும் ஆண்களில் அதிகம். தங்களுக்கு அப்படி இருக்கிறது என்று தெரியாமலே பலர் வாழ்ந்துவிடுகிறார்கள். வரவைப் பச்சையிலும் செலவைச் சிவப்பிலும் போட்டால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும். இதை யோசித்து மசடாகா ஒகாபே, கெய் இட்டோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் எட்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பார்வைக் குறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் பிரித்தறியக்கூடிய நிறங்கள். எக்செல் 2003இன் வரிசையிலும் எட்டுக் கட்டங்கள்தான் என்பதால் அப்படியே பொருந்துகிறது.

நான் வைத்திருக்கிற வரிசையைச் சொல்கிறேன். எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற முறையில்.

நண்டு: நீலம் 0, 114, 178
இறால்: ஆரஞ்சு 230, 159, 0
நெத்திலி: செங்காவி 213, 94, 0
காரல்: நீலப்பச்சை 0, 158, 115
கணவாய்: ரோஸ் 204, 121, 167
சூடை: வான நீலம் 86, 180, 233
மற்றவை: கறுப்பு 0, 0, 0

எட்டாவது நிறம் மஞ்சள், 240, 228, 66. அதைப் பட்டைக்கு மட்டும், அதுவும் சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டுத்தான் பயன்படுத்துகிறேன். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு போடுவதில்லை.

நண்டுக்கு நீலம் கொடுத்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பாக் நீரிணைப் பக்கம் ஏற்றுமதிக்குப் போகிற நண்டின் காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இறாலுக்கு ஆரஞ்சும் அப்படித்தான், வெந்த இறாலின் நிறம். பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிற குறிப்பைத் தேடாமலே புரிந்துகொள்கிறார்கள். உங்கள் குழு பாசிக் கணக்குப் பார்க்கிற குழு என்றால் மரிக்கொழுந்துக்கு ஒன்று, கட்டக்கோரைக்கு ஒன்று, கஞ்சிப் பாசிக்கு ஒன்று என்று குழுப் பெண்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். தினமும் அதைக் கையில் எடுக்கிறவர்கள் சொல்கிற நிறம் நிலைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எக்செலுக்கு நெத்திலி என்ற பெயர் தெரியாது. மூன்றாவது பத்தி என்பதுதான் தெரியும். ஒரு மாதம் காரல் வரவில்லை என்று அந்தப் பத்தியை நீக்கிவிட்டுப் புதுச் சார்ட் போட்டால், அதற்கு அடுத்திருக்கும் கணவாய் காரலின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். போன மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் தவறாகப் படிப்பார். மீன் வராத மாதத்திலும் பத்தியை அப்படியே விட்டு, பூஜ்ஜியம் போடுங்கள். பத்திகளின் வரிசை வருடம் முழுக்க மாறக்கூடாது.

ஜெராக்ஸுக்குப் போகிற தாள்

மேலே சொன்ன நிறங்கள் கலர் அச்சுக்கும் திரைக்கும் நன்றாக இருக்கும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அவற்றை மட்டும் நம்ப முடியாது. ஆரஞ்சு, வான நீலம், ரோஸ் மூன்றின் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஜெராக்ஸில் மூன்றும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். நம் ஊரில் பெரும்பாலான தாள் ஜெராக்ஸாகத்தான் கைக்குக் கை போகிறது. அதனால் நிறத்தோடு இன்னொரு அடையாளமும் சேர்க்க வேண்டும்.

பட்டைகளுக்கு: ஒரு மீனின் பட்டை மேல் இரண்டு முறை சொடுக்குங்கள். பேட்டர்ன்ஸ் தாவலில் ஃபில் எஃபெக்ட்ஸ் பொத்தான் இருக்கும். அதற்குள் பேட்டர்ன் தாவலுக்குப் போனால் சாய்கோடு, கட்டம், புள்ளி என்று 48 விதங்கள் இருக்கின்றன. இறாலுக்குச் சாய்கோடு, சூடைக்குப் புள்ளி, கணவாய்க்குக் கட்டம் என்று மூன்றை மட்டும் மாற்றினால் போதும். எல்லாவற்றுக்கும் போட்டால் தாள் பாய் பின்னியது போல ஆகி, கண் கூசும்.

கோடுகளுக்கு: அதே போல இரண்டு முறை சொடுக்கி, கோட்டை விட்டுவிட்டு வரும் கோடாகவோ புள்ளிக் கோடாகவோ மாற்றலாம். மாதத்தைக் குறிக்கும் இடங்களில் முக்கோணம், சதுரம், வட்டம் என்று குறி வைக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி, மீனின் பெயரைக் கோட்டின் நுனியிலேயே எழுதிவிடுவது. கோட்டை ஒரு முறை சொடுக்கினால் முழுக் கோடும் தேர்வாகும். கொஞ்சம் நிறுத்தி, கடைசி மாதப் புள்ளியை மட்டும் இன்னொரு முறை சொடுக்கினால் அந்த ஒரு புள்ளி மட்டும் தேர்வாகும். இப்போது அதன் மேல் இரண்டு முறை சொடுக்கி, டேட்டா லேபிள்ஸ் தாவலில் சீரிஸ் நேம் என்பதை டிக் செய்யுங்கள். கோட்டின் முனையில் “நெத்திலி” என்று வந்துவிடும். எல்லாக் கோட்டுக்கும் இப்படிச் செய்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் குறிப்புப் பெட்டியைச் சொடுக்கி டெலிட் அழுத்தி எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அப்படித்தான் கொடுத்தோம். அதே அக்கா தாளை வாங்கியதும் விரலை நேராக நெத்திலியில் வைத்தார்.

நாற்பது பிரதி எடுப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். அந்தப் பிரதியையும் இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுங்கள். அதிலும் எல்லாக் கோடும் தெரிந்தால் மீதியை எடுக்கலாம்.

தடைக்கால மாதங்கள்

ஒரு பட்டையை மட்டும் தனியாக நிறம் மாற்றவும் இந்த இரண்டு தனித்தனிச் சொடுக்கு முறைதான். முதல் சொடுக்கில் ஒரு மீனின் எல்லாப் பட்டைகளும், அடுத்த சொடுக்கில் ஒரு பட்டை மட்டும் தேர்வாகும். இதை நான் முக்கியமாகப் பயன்படுத்துவது தடைக்காலத்துக்கு. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகுச் சார்ட்டில் மே மாதம் காலியாக இருக்கும், அது யாருக்கும் புரியும். குழப்பம் ஏப்ரலிலும் ஜூனிலும்தான். ஏப்ரலில் பதினான்கு நாளுக்குள் வந்த வரவும், ஜூனில் கடைசிப் பதினாறு நாள் வரவும் முழு மாதப் பட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கும். வெளியூர் அதிகாரியோ வங்கிக்காரரோ பார்த்தால் தொழில் படுத்துவிட்டது என்று நினைப்பார். அந்த இரண்டு பட்டைகளையும் சாம்பலாக்கி, கீழே “தடைக்காலம், பாதி மாதம்” என்று எழுதிவிடுங்கள். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை, அதனால் அவற்றின் சார்ட்டில் சாம்பல் வேண்டாம். இரண்டையும் ஒரே சார்ட்டில் கலக்காமல் தனித்தனியாகப் போடுவது நல்லது.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

நிறப் பெட்டி ஃபைலுக்கு ஃபைல் தனி. நீங்கள் ஒரு ஃபைலில் அருமையாக மாற்றி வைத்த சார்ட் ஷீட்டை இன்னொரு ஃபைலுக்கு நகர்த்தினால், அது அந்த ஃபைலின் நிறங்களுக்கு மாறிவிடும். பயப்பட வேண்டாம். இரண்டு ஃபைலையும் திறந்து வைத்துக்கொண்டு, புது ஃபைலில் நின்றபடி டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கலர் போய், காப்பி கலர்ஸ் ஃப்ரம் என்ற இடத்தில் பழைய ஃபைலின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். 56 நிறங்களும் வந்துவிடும்.

அடுத்தது, அட்டவணைக் கட்டங்களின் நிறம். யாராவது ஃபார்மேட் செல்ஸ் வழியாக ஒரு கட்டத்துக்குச் சார்ட் வரிசையிலிருந்த மஞ்சளைக் கொடுத்திருந்தால், நீங்கள் மஞ்சளைச் செங்காவி ஆக்கும்போது அந்தக் கட்டமும் செங்காவி ஆகிவிடும். பாக்கி வைத்தவர்களை அப்படி நிறம் போட்டுக் குறித்து வைக்கிற பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. மாற்றிய பிறகு எல்லா ஷீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு புது ஃபைலுக்கும் இந்த எண்களை அடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். காலியான ஒரு ஃபைலில் நிறங்களை மாற்றி, சேவ் ஆஸ் கொடுத்து, கீழே டெம்ப்ளேட் வகையைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலத்தில் புக் என்று பெயர் வைத்து, எக்செலின் எக்ஸ்.எல்.ஸ்டார்ட் ஃபோல்டரில் போடுங்கள். 2003இல் அது வழக்கமாக சி டிரைவின் ப்ரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசாப்ட் ஆபிஸ், ஆபிஸ் 11 ஃபோல்டருக்குள் இருக்கும். அதற்கப்புறம் எக்செலைத் திறந்ததும் வருகிற புது ஃபைல் உங்கள் நிறங்களோடுதான் வரும்.

சரி, மாறலாமா?

நிறத்துக்காக மட்டும் என்றால் மாற வேண்டியதில்லை. மேலே சொன்னவற்றை வைத்துப் பத்து வருடம் ஓட்டலாம். மாற வேண்டிய காரணங்கள் வேறு.

எக்செல் 2003க்கும் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை 2014 ஏப்ரல் 8ஆம் தேதி நிறுத்திவிட்டது. அந்தக் கணினியில் இன்டர்நெட் இணைத்து, ஆட்களின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் வைத்திருக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே மாற்றத் தொடங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. இன்டர்நெட் இல்லாமல், வெறும் எடைக் கணக்கு மட்டும் என்றால் அவசரம் இல்லை.

இரண்டாவது, ஃபைல் பரிமாற்றம். இப்போது அலுவலகங்களிலிருந்து மெயிலில் வருவதெல்லாம் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் வகை, அதாவது ஃபைல் பெயரின் முடிவில் .xlsx என்று இருக்கும். 2003இன் ஃபைல் எக்ஸ்.எல்.எஸ் (.xls) வகை. 2003 அதை நேராகத் திறக்காது. மூன்றாவது, அளவு. 2003இல் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான், 2007இலிருந்து 10,48,576 வரிகள். ஒவ்வொரு படகின் ஒவ்வொரு நாள் ஏலத்தையும் தனி வரியாக எழுதுகிற சங்கம் சில வருடங்களில் முதல் எல்லையை முட்டிவிடும்.

மாறுவது என்று முடிவானால் தேதிகளைப் பார்த்து வாங்குங்கள். பழைய கணினிக் கடைகளில் ஆபிஸ் 2007, 2010, 2013 போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். அவற்றின் ஆதரவு முறையே 2017, 2020, 2023இல் முடிந்துவிட்டது. 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கும் அதே தேதிதான். கிராக் போட்ட பிரதியை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். நூறு குடும்பங்களின் கணக்கு அதில் இருக்கிறது.

காசு கொடுக்க முடிகிற இடம் என்றால், ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் ஆபிஸ் 2024 இருக்கிறது, வருடச் சந்தாவும் இருக்கிறது. மாதம் இரண்டு சார்ட்டும் ஒரு வரவு செலவும் போடுகிற குழுவுக்கு நான் சொல்வது லிப்ரே ஆபிஸ். இலவசம், சட்டப்படியானது, மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், பழைய எக்ஸ்.எல்.எஸ் ஃபைலையும் புது எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் ஃபைலையும் திறக்கும். இந்த மாதிரிக் குழுக்களின் முழு வேலைக்கும் இது போதும் என்று நம்பித்தான் சொல்கிறேன்.

புதியதில் நிறம் எங்கே இருக்கிறது?

எக்செல் 2007இலிருந்து அந்த 56 நிறக் கட்டுப்பாடு போய்விட்டது. அதற்குப் பதில் தீம் என்று ஒன்று வந்தது. பேஜ் லேஅவுட் தாவலில் கலர்ஸ் என்பதைச் சொடுக்கி, கடைசி வரியில் இருக்கும் கஸ்டமைஸ் கலர்ஸுக்கு (2007, 2010இல் கிரியேட் நியூ தீம் கலர்ஸ்) போனால் ஆக்சென்ட் 1 முதல் ஆக்சென்ட் 6 வரை இருக்கும். சார்ட்டின் முதல் ஆறு நிறங்கள் இவைதான். மேலே கொடுத்த எண்களை அதே வரிசையில் அடித்து, ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். ஏழாவதாக வருகிற “மற்றவை”க்கு மட்டும் கையால் கறுப்புக் கொடுக்க வேண்டும்.

யாராவது 2007 பதிப்பைத் தந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதில் சார்ட்டுக்குச் சாய்கோடு, புள்ளி நிரப்புகிற வசதி மெனுவிலேயே கிடையாது. 2010இல்தான் திரும்ப வந்தது. ஜெராக்ஸை நம்பியிருக்கும் நமக்கு அது பெரிய குறை.

லிப்ரே ஆபிஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், சார்ட்ஸ், டிஃபால்ட் கலர்ஸ் என்று போனால் பன்னிரண்டு நிறங்களின் பட்டியல் வரும். பழைய எக்செலில் நிறம் ஃபைலோடு போகும். இங்கே இந்தப் பட்டியல் கணினியோடு இருக்கும், இனிமேல் போடப்போகும் சார்ட்டுகளுக்கு மட்டும் பொருந்தும். ஏற்கெனவே போட்ட சார்ட் மாறாது. சங்கத்தில் இரண்டு கணினி இருந்தால் இரண்டிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

எழுத்துரு

மாறும்போது நிறத்தைவிட அதிகம் சிரமம் கொடுப்பது தமிழ் எழுத்துதான். பழைய ஃபைல்களில் மீன் பெயர்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் “நெத்திலி” இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிற்கும். சார்ட்டின் குறிப்பிலும் அதேதான் வரும். போனில் திறந்தாலும் அதே நிலை. எந்தக் கணினியிலும் போனிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற பொது எழுத்து முறைதான் யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010இலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது, எந்த அலுவலகத்துக்கு அனுப்பினாலும் யூனிகோடுதான் பாதுகாப்பு.

மாற்றுகிற வழி கடினமில்லை. பெயர்கள் இருக்கும் கட்டங்களை நகலெடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி, பாமினியா வானவில்லா என்று சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றி, திரும்ப அதே கட்டங்களில் ஒட்டுங்கள். பிறகு அந்தக் கட்டங்களின் எழுத்துருவை லதா என்று வையுங்கள். சார்ட்டின் குறிப்பு கட்டங்களிலிருந்துதான் பெயரை எடுப்பதால் அது தானாக மாறும், ஆனால் அதன் எழுத்துருவைத் தனியாகச் சொடுக்கி லதா ஆக்க வேண்டும். சார்ட்டுக்கு மேல் கையால் அடித்த தலைப்பு மாறாது, அதைத் திரும்ப அடிக்க வேண்டும். ஆட்களின் பெயர்களை மாற்றியபின் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பழைய நோட்டைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு புள்ளி மாறினால் பாஸ்புக் பெயரோடு ஒத்துப்போகாது.

மாற்றுகிற நாள்

தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் இல்லை, தினக் கணக்குக் குறைவு, தப்பு நடந்தாலும் திருத்த நேரம் இருக்கும். முதலில் ஒரே ஒரு வருடத்து ஃபைலை மட்டும் புதுக் கணினியில் திறந்து எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் ஆகச் சேமியுங்கள். மொத்தக் கூட்டல் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சார்ட்டை அச்செடுத்துப் பழைய தாளின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சரி என்றால் மற்ற வருடங்களைக் கொண்டுவரலாம்.

இன்னமும் 2003 வைத்திருக்கிற பக்கத்துச் சங்கத்துக்கு ஃபைல் அனுப்ப வேண்டி வந்தால், புது எக்செலில் எக்ஸ்.எல்.எஸ் வகையாகச் சேமித்து அனுப்புங்கள். அங்கே நிறங்கள் 56க்குள் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதற்கு மாறித் தெரியும். அதைத் தடுக்க எக்செல் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதியின் அடியில் கலர்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. திறந்தால் அதே பழைய 56 கட்டங்கள். உங்கள் எண்களை அங்கே அடித்துவிட்டு அனுப்பினால் அவர்களுக்கும் நெத்திலி செங்காவியில்தான் தெரியும்.

பழைய கணினியை உடனே எடைக்குப் போட வேண்டாம். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, துணி போட்டு மூடி, கடல் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. ஒரு தணிக்கை முடிந்து, புதுக் கணினியின் கணக்கில் கையெழுத்து விழுந்த பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சங்கப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மீதியைக் கொடுத்துவிடலாம்.